வாசகர் கேள்விகள்: "ஆர்.ஓ. பிளான்ட் வைக்கலாமா, மேடம்?"

பொறியியல் கல்லூரி மாணவர் மன்றங்கள் செய்யும் சேவைப் பணிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு, மெக்கானிக்கல் துறையில் பாடம் நடத்தி, அப்படிப்பட்ட மன்றம் ஒன்றுக்குப் பல ஆண்டுகள் பொறுப்பாசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்ற பேராசிரியை பதில் சொல்கிறார்.

மேடம், எங்கள் மன்றத்தில் அறுபது பேர் இருக்கிறோம். இதுவரை போட்டி, பயிலரங்கு என்றே ஓட்டிவிட்டோம். இந்த வருஷமாவது ஒரு கிராமத்துக்கு உருப்படியாக ஏதாவது செய்ய ஆசை. தர்மபுரிப் பக்கம் ஓர் ஊரில் தண்ணீர் சரியில்லை, டி.டி.எஸ். மீட்டர் 900 காட்டியது. ஒரு கம்பெனி ஆர்.ஓ. பிளான்ட் வாங்கித் தரத் தயாராக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
— மன்றச் செயலாளர், மூன்றாம் ஆண்டு சிவில், சேலம்

தம்பி, அந்தக் கம்பெனிக்கு இன்னும் "சரி" சொல்லிவிடாதீர்கள். பிளான்ட்டை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற ஊரைத் தேடுவதுதான் நம் மன்றங்களில் வழக்கமாக நடக்கிறது. நீங்கள் ஊரிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். அதற்கே பாதி மார்க் போடலாம்.

மீட்டர் சொல்லும் 900, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தக் கணக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்ல தண்ணீர். வேறு வழியில்லாத ஊரில் 2,000 வரை ஏற்கலாம். ஆக, 900 ஒன்றும் பயப்படுகிற எண் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வது தர்மபுரி. அங்கே தேட வேண்டியது ஃபுளோரைடை. அதற்கு வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் குழந்தைகள் பல்லில் பழுப்புக் கறை விழும், பெரியவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகும். அதற்கு நிறமில்லை, ருசியும் இல்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி, அடர்த்திதான் கூடும். உங்கள் கையிலுள்ள மீட்டர் அதைத் தனியாகக் காட்டவே காட்டாது. மீட்டரில் 400 காட்டும் கிணற்றில் ஃபுளோரைடு அதிகமாக இருக்கலாம், 1,200 காட்டுவதில் இல்லாமலும் போகலாம்.

அதனால் முதல் வேலை, போர்வெல், மேல்நிலைத் தொட்டி, கடைசித் தெருக் குழாய் என்று மூன்று இடத்தில் தனித்தனியாகத் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுப்பது. கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் அதற்குச் சுத்திகரித்த பாட்டில் தனி. அதை ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் கழுவி எடுத்துப் போகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

இரண்டாவது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்த ஃபுளோரைடுக்காக வந்ததுதான். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. உங்கள் ஊருக்கு அந்தக் குழாய் வருகிறதா? வாரத்தில் எத்தனை நாள்? வருகிற நாளில் கடைசித் தெருவுக்கு ஏறுகிறதா? இதைக் கேட்க டேங்க் ஆபரேட்டரைப் பிடியுங்கள். ஊரில் எந்த வால்வை எத்தனை சுற்று திருப்ப வேண்டும் என்பது தலைவரை விட அவருக்குத்தான் தெரியும். நல்ல தண்ணீர் ஊர் எல்லை வரை வந்து, உடைந்த குழாயால் உள்ளே வராமல் நிற்கிறது என்றால், உங்களுக்கு வேண்டியது பிளான்ட் இல்லை, ஒரு பிளம்பரும் கொஞ்சம் பைப்பும்.

மூன்றாவதுதான் நான் எல்லா மன்றங்களிடமும் சண்டை போடுகிற விஷயம். அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஏற்கெனவே ஒரு ஆர்.ஓ. பிளான்ட் பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கிடக்கும். ஆர்.ஓ. பிளான்ட் பசுமாடு மாதிரி, வாங்கித் தருவது ஒரு நாள் வேலை, தீவனம் தினமும் வேண்டும். முன்வடிகட்டியை மாற்ற வேண்டும், உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேனை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், தினமும் திறந்து மூட ஒருவருக்குச் சம்பளம் தர வேண்டும். இதில் ஒன்று நின்றாலும் ஷெட்டுக்குப் பூட்டுதான். அந்தப் பூட்டுக்குக் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்வது புதுப் பிளான்ட்டை விட மலிவு. பொறியியலும் அதில்தான் அதிகம். எந்த வால்வு அடைத்தது, அழுத்தம் எங்கே விழுகிறது, மோட்டார் ஏன் டிரிப் ஆகிறது என்று தேட வேண்டியிருக்கும். புதுப் பிளான்ட்டில் உங்களுக்கு என்ன வேலை? கம்பெனி ஆள் வந்து மாட்டுவார், நீங்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வீர்கள்.

இன்னொன்று, கழிவுத் தண்ணீர். இந்த மாதிரி பிளான்ட்டில் உள்ளே போகிற தண்ணீரில் பாதியோ அதற்கு மேலோ வெளியே கொட்டும். உப்பும் ஃபுளோரைடும் செறிந்த தண்ணீர் அது. அதைப் போர்வெல் பக்கத்திலேயே வாய்க்காலில் விடுகிறார்கள், அது திரும்பக் கீழே இறங்குகிறது. கம்பெனி கொடுத்த படத்தில் கழிவுக் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். படத்தின் ஓரத்தில் ஒரு அம்புக்குறியோடு முடிந்திருந்தால் கேள்வி கேளுங்கள்.

பழுது பார்ப்பதை யோசித்து வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தெரு அடிபம்பே சாட்சி. 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தொழிற்சாலையில் தயாரான இந்தியா மார்க் 2 பம்பு நல்ல உழைப்பாளி. ஆனால் அடியில் வாஷர் தேய்ந்தால் மொத்தக் குழாயையும் மேலே இழுக்க வேண்டும். அதற்கு முக்காலி, தனிக் கருவிகள், மூன்று நான்கு பேர், வண்டி எல்லாம் வேண்டும். வண்டி வரும் வரை ஊருக்குத் தண்ணீர் கிடையாது. அடுத்து வந்த மார்க் 3-ல் குழாயை 65 மில்லிமீட்டராக அகலப்படுத்தினார்கள். பிஸ்டனை மட்டும் குழாய்க்குள்ளேயே தூக்கி எடுத்து வாஷர் மாற்றிவிடலாம். ஊர் ஆட்கள் இரண்டு பேரும் சில ஸ்பேனர்களும் போதும். குழாய் கனம், விலையும் கூட, ஆனாலும் வடிவமைத்தவர்கள் பழுதான பிறகு நடப்பதை யோசித்தார்கள். உங்கள் வடிவமைப்புப் பாடத்தில் இதைச் சொல்லித் தருகிறார்களா தெரியவில்லை, நான் நடத்தியிருக்கிறேன்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் புதுப் பிளான்ட்தான் வேண்டும் என்றால், கிராம சபையில் வைத்துத் தீர்மானம் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். குடத்துக்கு எவ்வளவு வசூலிப்பது, யார் வசூலிப்பது, மெம்பரேன் பணம் எந்தக் கணக்கில் சேரும் என்பதை அங்கேயே பேசிவிடுங்கள். சத்தம் வரும், வரட்டும்.

மகள் இரண்டாம் ஆண்டு இ.இ.இ. படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் மன்றம், கிராமம் என்று கிளம்பிவிடுகிறாள். போன வாரம் கிணற்று மோட்டார் பார்த்தோம் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை கிடைக்க இதெல்லாம் உதவுமா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. போகாதே என்று சொல்வதற்குப் பதில் நாலு கேள்வி கேளுங்கள். கூட ஆசிரியர் வருகிறாரா? கல்லூரி எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறதா? மாணவர்களுக்கான விபத்துக் காப்பீடு கல்லூரிக்கு வெளியே நடப்பதற்கும் செல்லுமா? எத்தனை மணிக்குள் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள்? பதில் வராத மன்றத்துக்கு மகளை அனுப்ப வேண்டியதில்லை.

சில வேலைகள் எந்த மாணவரும் செய்யக் கூடாதவை. கழிவுநீர்த் தொட்டி, மூடிக் கிடந்த கிணறு, மூடியிருந்த தரைத்தொட்டி எதற்குள்ளும் இறங்கவே கூடாது. விஷவாயு எச்சரிக்கை கொடுத்துவிட்டு வராது. கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. மோட்டார் பேனலைத் திறப்பது லைசென்ஸ் உள்ள வயர்மேன், பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது மாணவி. மெயினை அணைத்தால் மட்டும் போதாது, அங்கே ஒருவர் காவல் நிற்க வேண்டும். வீட்டில் கரண்ட் இல்லையே என்று யாராவது வந்து தட்டிவிடுவார்கள்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். சான்றிதழை யாரும் மதிப்பதில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில், "லோ வோல்டேஜில் இந்த மோட்டாரின் கம்பிச்சுருள் எப்படிக் கருகியது என்று கண்டுபிடித்தோம்" என்று ஒரு பெண் அஞ்சு நிமிஷம் விளக்கினால் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். நாட்டு நலப்பணித் திட்டத்தில் 1969-லிருந்து மாணவர்கள் ஊருக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் மகள் பாடத்தையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்ய அந்த அளவு போதும், தேர்வு மாதத்தில் ஊருக்குப் போக வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பெண் பிள்ளைகள் இல்லாத குழு தண்ணீர் பற்றிச் சேகரிக்கும் தகவலை நான் நம்புவதில்லை. பையன்கள் டீக்கடையில் கேட்டுவிட்டு வருவார்கள். குடம் தூக்குபவர் டீக்கடையில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

எங்கள் ஊருக்கு ஒரு கல்லூரியிலிருந்து வந்து, கை நீட்டினால் மூடி திறக்கும் சென்சார் குப்பைத் தொட்டி வைத்தார்கள். பேட்டரி போய்விட்டது, இப்போது மூடி திறப்பதே இல்லை. மறுபடியும் வருகிறோம் என்கிறார்கள். என்ன சொல்வது?
— வார்டு உறுப்பினர், புதுக்கோட்டை மாவட்டம்

முதலில் பழைய தொட்டியை எடுத்துப் போகச் சொல்லுங்கள். அப்புறம், "எங்களுக்கு வேண்டியது இது" என்று நீங்களே ஒன்றைக் கையில் கொடுங்கள். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிறதா? போர்வெல் வற்றியது தெரியாமல் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகுகிறதா? தொட்டிக்கு ஒரு மட்டக் கட்டுப்பாடு, மோட்டாருக்கு ஒரு உலர் ஓட்டப் பாதுகாப்பு, மூன்று ஃபேஸில் ஒன்று போனால் நிறுத்தும் சாதனம் எல்லாமே கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருட்கள்தான். மோட்டார் ரீவைண்டிங் செலவை ஊராட்சிக்கு மிச்சப்படுத்தும். பிள்ளைகளுக்கும் உண்மையான வேலை. மோட்டார் சரியாக ஓடுவதைப் படம் எடுத்தால் அழகாக இருக்காது, அதற்கு நீங்களும் நானும் என்ன செய்வது.

மாணவர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேலே ஏறும் 'பிளேபம்ப்' என்ற ஒன்று தென் ஆப்பிரிக்காவில் வந்தது. 2006-ல் அமெரிக்காவில் பெரிய பெரிய ஆட்கள் மேடையேறி நிதி அறிவித்தார்கள், 4,000 பம்பு வைப்பது இலக்கு. குழந்தைகள் எவ்வளவு நேரம் சுற்றுவார்கள்? கடைசியில் பெண்கள் குனிந்து குனிந்து அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளினார்கள். பழுதானால் பார்க்க ஆளும் பக்கத்தில் இல்லை. பழைய அடிபம்பையே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்ட ஊர்களும் உண்டு.

உன்னத் பாரத் அபியான் என்று 2014-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் பல கல்லூரிகள் ஐந்தைந்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கின்றன. உங்கள் ஊர் எந்தக் கல்லூரியின் பட்டியலில் இருக்கிறது என்று விசாரியுங்கள். இருந்தால் கேட்கும் உரிமை உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

நன்கொடை எங்கள் பொருளாளரின் ஜி-பே எண்ணுக்கு வருகிறது. பிரச்சினை வருமா? வெளிநாட்டில் இருக்கும் சீனியர் ஒருவரின் நண்பர்கள் டாலரில் அனுப்பத் தயார்.
— மன்ற உறுப்பினர், கோவை

வரும். இன்றைக்கே நிறுத்துங்கள். பணம் கல்லூரியின் கணக்குக்குப் போய், ரசீது போட்டு, முதல்வரும் பொறுப்பாசிரியரும் கையெழுத்திட்டு வெளியே வரட்டும். மெதுவாகத்தான் வரும், பரவாயில்லை. பொருளாளர் பையன் நல்லவன்தான், ஆனால் அவன் அண்ணன் கல்யாணச் செலவும் அதே கணக்கில்தானே ஓடுகிறது.

டாலரைத் தொடவே வேண்டாம். வெளிநாட்டவரின் நன்கொடையைப் பெற 2010-ம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். மாணவர் மன்றத்துக்கு அது கிடையாது. பதிவு உள்ள அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. உலக அளவிலான பொறியாளர் சங்கம் ஏதாவது மாணவர் கிளைகளுக்கு நிதி தருகிறதென்றால், அதன் இந்தியப் பிரிவின் வழியாக எப்படி வரும் என்று எழுதிக் கேளுங்கள், கல்லூரி ஆடிட்டரிடம் காட்டுங்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் நேராக மன்றத்துக்கு வராது. முறையாகப் பதிவு செய்த அறக்கட்டளை வழியாக வரும். வருமான வரிச் சலுகைக்கான ரசீது (80ஜி என்பார்கள்) கேட்பவரிடம் "எங்களால் தர முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு வருஷமும் இறுதியாண்டு மாணவர்கள் போனதும் மன்றம் படுத்துவிடுகிறது. புதிதாக வருபவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இதற்கு வழி உண்டா?
— உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

உண்டு, சார், ஆனால் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பிடிக்காது. தலைமைப் பதவியை மூன்றாம் ஆண்டுக்குக் கொடுங்கள். கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கிய பிறகு அவர்கள் மனம் கிராமத்தில் இருக்காது, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இறுதியாண்டு மாணவர்கள் ஆலோசனை சொல்லட்டும், சாவி அவர்களிடம் வேண்டாம்.

புது ஊர் தேடுவதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் குழுவுக்குப் பழைய ஊரே திட்டம். போய்ப் பார்ப்பது, ஓடுகிறதா என்று எழுதுவது, ஓடவில்லை என்றால் ஏன் என்று கண்டுபிடிப்பது. "சீனியர்கள் செய்ததைத்தானே பார்க்கிறோம், எங்கள் பெயருக்கு என்ன?" என்று முணுமுணுப்பார்கள். அதற்கு உங்கள் கையில் இருப்பது மதிப்பெண்தான். இறுதியாண்டுப் புராஜெக்ட்டாக, பழைய திட்டம் ஒன்றின் பழுது ஆய்வை ஏற்றுக்கொள்ளத் துறைத் தலைவரைச் சம்மதிக்க வையுங்கள். இதைச் செய்ய முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பிறகு, ஒரு கனத்த அட்டை நோட்டு. கூகுள் டிரைவில் போட்டால் பாஸ்வேர்டு பையனோடு பெங்களூருக்குப் போய்விடும். நோட்டில் ஊர்க்காரர்கள் போன் நம்பர், எந்தப் பொருள் எந்தக் கடையில் வாங்கியது, எது கெட்டுப்போனது என்று கையால் எழுத வேண்டும். கனடாவின் 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பு 2008-லிருந்து ஆண்டறிக்கையோடு தோல்வி அறிக்கை என்றே ஒன்றை வெளியிட்டது. எந்தத் திட்டம் ஏன் படுத்தது என்று அதில் அவர்களே எழுதினார்கள். நம் ஊரில் ஆண்டு விழா மலரில் அப்படி ஒரு பக்கம் போட முதல்வர்கள் விட மாட்டார்கள். நோட்டிலாவது இருக்கட்டும்.

நான் முதலாம் ஆண்டு. மன்றத்தில் நாற்காலி தூக்குவதும் பேனர் பிடிப்பதும்தான் வேலை. எதையும் செய்யத் தெரியாமல் சேர்ந்தது தப்பா?
— மாணவர், மதுரை

நாற்காலி தூக்குவதை இரண்டாம் ஆண்டு மாணவர்களோடு பங்குபோடச் சொல்லுங்கள். நீங்கள் மல்டிமீட்டர் பிடிக்கவும், ஸ்டார்ட்டரை அடையாளம் காணவும், பைப் இஞ்ச் அளவை வெறும் கண்ணால் சொல்லவும் கற்றுக்கொள்ளுங்கள். ஊரில் எலக்ட்ரீஷியன் யாராவது இருப்பார், ஒரு வாரம் லீவில் அவரோடு சுற்றுங்கள். சீனியர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

புயல், வெள்ளம் வந்தால் நாங்கள் உடனே போக வேண்டுமா? கஜா சமயத்தில் சீனியர்கள் துணி சேகரித்துக்கொண்டு போனார்களாம்.
— மாணவி, நாகப்பட்டினம்

துணி வேண்டாம். எந்தப் பேரிடரிலும் சாலையோரம் குவிந்து நனைந்து கிடப்பது பழைய துணிதான். உங்கள் மாவட்டக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்போது ஊர் ஊராக நின்றது குடிநீர். கீழே தண்ணீர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராய்ப் போய் மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பினார்கள். பொறியியல் மாணவர்கள் செய்ய வேண்டியது இந்த மாதிரி வேலை. எந்த ஊர் மோட்டார் எத்தனை எச்.பி., சிங்கிள் ஃபேஸா மூன்று ஃபேஸா, எந்த ஜெனரேட்டர் தாங்கும் என்ற பட்டியலைப் புயல் வருவதற்கு முன் ஆகஸ்டிலேயே எடுத்து வையுங்கள். மாவட்ட நிர்வாகத்திடமும் ஒரு பிரதி கொடுங்கள். அவர்கள் கூப்பிட்டால் மட்டும் போங்கள். முதல் இரண்டு நாள் மரம் வெட்டுபவர்களுக்கும் மின்வாரிய ஆட்களுக்கும் சாலை வேண்டும், உங்கள் கல்லூரிப் பஸ் நடுவில் நிற்கக் கூடாது.

வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் கணக்கு தெரிந்திருந்தால் உதவும். 10,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமென்றால் 20 கிராம் குளோரின். புது பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆகவே 60 கிராம் பவுடர். மூட்டை திறந்து நாளானது என்றால் வீரியம் குறைந்திருக்கும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்கலாம். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும், வெள்ள நேரத்தில் 0.5 இருந்தால் நல்லது. வாசனை பிடிக்கவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். அதற்கு ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள், பொறுமைசாலியாகப் பார்த்து.

பழுது பார்த்த பம்பு ஹவுஸ் சுவரில் எங்கள் மன்றத்தின் பெயர் எழுதலாமா?
— மாணவர், விருதுநகர்

எழுதுங்கள், ஓரமாக, உள்ளங்கை அளவில். சுவரின் மிச்ச இடத்தில் மோட்டார் எச்.பி., போர் ஆழம், கடைசியாகப் பழுது பார்த்த தேதி, பக்கத்து ஊர் மெக்கானிக்கின் போன் நம்பர். நம்பர் மட்டும் பெரிதாக இருக்கட்டும், அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். சேர்மன் படமும் வேண்டும் என்று மேலிருந்து சொன்னால், பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்.